பூ வைக்கிற சங்கம்

ஆரணியில் சங்கங்களுக்கு என்றைக்குமே குறைச்சல் இல்லை. நெசவாளர் சங்கம், அரிசி மண்டிக்காரர் சங்கம், பஜனைச் சங்கம், ஒரே நடிகருக்கு ஒரே தெருவில் இரண்டு ரசிகர் சங்கம் என்று தடுக்கி விழுந்தால் சங்கம்தான். அப்பேர்ப்பட்ட ஊரே எழுபத்தெட்டாம் வருஷம் டாக்டர் பவுல்துரையின் மனைவி சாரா ஆரம்பித்த சங்கத்தைக் கேள்விப்பட்டு மூக்கில் விரலை வைத்தது. ஜப்பான்காரர்கள் கிண்ணத்தில் பூ வைக்கிற மாதிரி பூ வைக்கக் கற்றுக்கொடுக்கும் சங்கம்.

டாக்டர் மேல்படிப்புக்கு ஜப்பான் போனபோது கூடவே போய், இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவர் சாராம்மாள். ஒரு தட்டையான கிண்ணம், அதற்குள் ஆணி ஆணியாக நிற்கும் ஒரு பித்தளைக் கட்டை, அதில் குத்தி நிறுத்த ஒரு கிளை, இரண்டு மூன்று பூ. சரக்கு அவ்வளவுதான். முழம் போட்டுப் பூ விற்கிற ஊரில் மூன்று பூவை வைத்துக்கொண்டு ஒரு மதியம் பூராவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பலகையில் எழுதியிருந்த 'இகெபானா கழகம்' யார் வாயிலும் நுழையவில்லை. பானை செய்யக் கற்றுத்தருகிறார்களா என்று ஒருவர் வந்து விசாரித்துவிட்டுக்கூடப் போனார். கடைசியில் ஊரே 'பூ வெக்கிற சங்கம்' என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டது.

அந்தப் பெயரில்தான் வம்பே இருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பூ வைப்பது என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டு எடுத்து வந்து, பெண்ணை மணையில் உட்காரவைத்து, தலையில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறினால் அந்தப் பெண்ணை வேறு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த சாராம்மாளுக்கு இது தெரியாது. தெரிந்த உறுப்பினர்கள், கல்யாணம் ஆன நமக்கெல்லாம் மறுபடி பூ வைக்கிறார்கள் என்று தங்களுக்குள் கேலி பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்தக் கேலிக்குச் சிரிக்காதவள் பாஞ்சாலை ஒருத்திதான். சேவூர் நெசவாளி தசரதனின் மூத்த மகள். முப்பதைத் தாண்டியவள். ஜாதகத்தில் செவ்வாய் என்று நாலைந்து இடம் தட்டிப்போனது. பிறகு தங்கைக்கு முடித்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வீடு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டது என்று சொல்வது மரியாதைக்குத்தான். பிசிறில்லாமல் நெய்கிற பெண்ணை எந்த நெசவுக்கார வீடு அவசரப்பட்டு அனுப்பும்? அவளுடைய அம்மா முனியம்மாளுக்கு மட்டும் அது மனசுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

புடவை எடுக்க வந்த சாராம்மாள், தறிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் பாஞ்சாலை ஒற்றைப் புங்கங்கிளையைச் செருகி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "நீ எங்க சங்கத்துக்கு வா" என்று கையோடு அழைத்துப் போனார். பெரிய இடத்து வாடிக்கை என்று தசரதனும் தடுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் பள்ளிக்கூடத்துத் தையல் அறையில் கூட்டம் நடக்கும்.

சங்கத்தில் ஒரே ஆண் தணிகாசலம். பட்டுப் புடவையின் கரைக்கும், முந்தானைக்கும், நடுவில் தெளித்தாற்போல வரும் புட்டாப் பூவுக்கும் கட்டம் போட்ட தாளில் டிசைன் எழுதிக் கொடுப்பவன். கிளை வளைகிற விதத்தைப் பார்த்தால் புதுசாக ஒரு கரை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தான். மனைவி போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில், அக்கா செல்லம்மாள் குடும்பத்தோடு இருந்தான். இறந்தவளின் தங்கையையே கட்டிக்கொள் என்று கண்ணமங்கலத்து மாமியார் வீடு கேட்டுக்கொண்டே இருந்ததும், இவன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததும் ஊருக்கே தெரிந்த கதை.

ஒரு சனிக்கிழமை சாராம்மாள், "கிளைக்கும் பூவுக்கும் நடுவுல இருக்கிற வெறும் இடம்தான் அழகு, அதை நிரப்பிராதீங்க" என்றார். எல்லோரும் முழித்தார்கள். தணிகாசலம் பாஞ்சாலைக்கு மட்டும் கேட்கும்படி, "புட்டாவுக்குப் புட்டா நடுவுல வெறும் பட்டு வுட்டாத்தானே புட்டா எடுப்பாத் தெரியும். அதத்தான் சொல்றாங்க" என்றான். அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. அன்றைக்குப் பிறகு சனிக்கிழமை என்றால் காலையிலிருந்தே அவளுக்கு நெசவு ஓடாது. அவனைப் பார்க்கத்தான் போகிறோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவள் தனக்குள் வேறு பெயர் சொல்லி மறைக்கவில்லை. அவன் கத்திரிக்கோலை நீட்டுவான், அவள் வாங்கிக்கொள்வாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று அவள் ஏங்கினாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அங்கேயே கிண்ணத்தில் பூ வைப்பது என்று சாராம்மாள் ஏற்பாடு செய்தார். பாஞ்சாலை வீட்டின் முறை வந்தது. அவள் வீட்டில் போய் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வரும் வேலையைத் தணிகாசலம் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாஞ்சாலை கடைக்குப் போய்த் திரும்பியபோது முனியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"இன்னாம்மா ஆச்சி?"

"தணிகாசலம் வந்துட்டுப் போறாருடி. நைனாகிட்டயே நேரா சொன்னாரு. வர ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க வந்து பூ வெக்கிறோம், உங்களுக்குச் சம்மதந்தானேன்னு கேட்டாரு. மூஞ்செல்லாம் வேர்த்துகினு நின்னாரு பாவம். உங்க நைனாவுக்குச் சந்தோசம் தாங்கல. தலையத் தலைய ஆட்டிகினு நின்னுட்டாரு."

பாஞ்சாலைக்கு உடனே விளங்கிவிட்டது. இது சங்கத்துப் பூ. கிண்ணத்தில் வைக்கிற பூ. "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"ரெண்டாந்தாரம்னா இன்னாடி? தங்கமான மனுசன். செவ்வா செவ்வான்னு ஓடுனானுங்களே, அவனுங்க எல்லாம் இப்ப வந்து பாக்கட்டும்." முனியம்மாள் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கடைசியாக அப்படிச் செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பாஞ்சாலை ஆரம்பித்ததை முடிக்கவில்லை. தணிகாசலம் உனக்குப் பூ வைக்க வருகிறான் என்று ஒருவர் சொல்லக் கேட்பது எப்படி இருக்கிறது என்று அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாப்பாடு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்கு விஷயம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்குப் போனது சேவூருக்கே போன மாதிரிதான்.

மறுநாள் காலை வழக்கம்போலத் தறியில் உட்காரப் போனவளைத் தசரதன் தடுத்தார். "நீ உக்காராதம்மா. கண்ணு செவந்து பூடும். நாலு பேரு வந்து பாக்கற நேரம்." அவள் பிறந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். தெருப் பெண்கள் வந்து தோளை இடித்து, "அதான் சனிக்கிழமை சனிக்கிழமை ஜல்தி ஜல்தியா ஓடுனியா?" என்று கேலி செய்தார்கள். பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சொல்லவே கூசுகிறது, சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை கூட்டத்துக்குப் போகும்போது எப்படியாவது இதை நிறுத்திவிடுவது என்று உறுதியோடு போனாள். சாராம்மாளை ஓரமாக அழைத்து, "நாளைக்கு எங்க வூட்டுல வேணாம்மா. வேற நாளு வெச்சிக்கலாம்" என்றாள்.

"வீடு சின்னதுன்னு யோசிக்கியா? கிண்ணம் வைக்க ஒரு சாண் இடம் போதும்மா. நாங்க என்ன விருந்துக்கா வாரோம்? கிளையெல்லாம் வெட்டித் தண்ணில போட்டாச்சு" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சுற்றிலும் உறுப்பினர்கள். கொஞ்ச தூரத்தில் தணிகாசலம். மேற்கொண்டு அவள் எதைச் சொல்வாள்?

அவனையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு அவன் ஒன்றும் தெரியாமல் சைக்கிளில் வந்து இறங்குவான், அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார், அவன் விஷயம் புரிந்து திகைத்து நிற்பான். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியாது. கூட்டம் முடிந்து அவன் சைக்கிளை எடுக்கும்போது அருகில் போனாள்.

"நாளைக்கு நீங்க வராதீங்க."

அவன் அவளைப் பார்த்தான். "சங்கமே வரக் கூடாதா, நான் மட்டுமா?"

"நீங்க மட்டும்."

"வூட்டுல எதாச்சும் சொன்னாங்களா?"

"வூட்டுல ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன்."

அவன் சைக்கிள் மணியின் மூடியை விரலால் தடவினான். "புரிஞ்சிதுங்க" என்றான். பிறகு திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனான்.

வீட்டில் முள்ளிப்பட்டிலிருந்து அத்தை காத்தாயி வந்து இறங்கியிருந்தாள். வந்த கையோடு மருதாணி அரைத்து, பாஞ்சாலையை உட்காரவைத்து இரண்டு கையிலும் அப்பிவிட்டாள். அப்பிய கையோடு எழுந்து எங்கே போவது, யாரிடம் என்ன சொல்வது? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். காலையில் அடுப்பில் கேசரி வெந்துகொண்டிருந்தது, கூடம் நிறைய உறவுக்காரர்கள். சொல்லக்கூடிய நேரமெல்லாம் அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் போனது.

சாயங்காலம் சங்கத்திலிருந்து சாராம்மாளும், ரோசம்மாள் டீச்சரும், வங்கிக்காரர் மனைவியும் வந்து இறங்கினார்கள். பூ வைக்கப் பெண்கள்தானே வருவது வழக்கம்? மாப்பிள்ளை வராததை ஒருவரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

"மாப்ளையோட அக்கா வரலீங்களா?" என்று காத்தாயி மட்டும் கேட்டாள்.

சாராம்மாளுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. "நாங்க மூணு பேருதாம்மா வந்திருக்கோம்" என்று சிரித்தார்.

"டாக்டரம்மாவே வந்து வெக்கிறாங்கன்னா எங்க பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும்" என்று காத்தாயி உருகிப்போனாள். ஆனால் அவர்கள் பையிலிருந்து ஒரு கிண்ணமும், பாதி காய்ந்த வேப்பங்கிளையும், மூன்றே மூன்று சாமந்தியும் வெளியே வந்ததும் அவள் முகம் சுருங்கியது. நல்ல காரியத்துக்குப் பட்ட கொம்பையா எடுத்துக்கொண்டு வருவார்கள்? கிறிஸ்தவர்கள் வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். பெரிய மனசோடு மன்னித்தும்விட்டாள்.

ரோசம்மாள் டீச்சர் உள்ளூர்க்காரர். கூட்டத்தையும், மணையையும், பாஞ்சாலையின் சிவந்த கைகளையும் பார்த்தார். அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சாராம்மாளின் காதுக்குப் போவதற்குள் காத்தாயி முந்திக்கொண்டு, கனகாம்பரமும் மல்லியும் வைத்த தட்டை நீட்டிவிட்டாள். "வெச்சி வுடுங்கம்மா. நல்ல நேரம் போவுது."

வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டார் சாராம்மாள். சந்தோஷமாகப் பூச்சரத்தை எடுத்தார். பாஞ்சாலை மணையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பூவின் வாசனை தலைக்கு மேலே வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும். பூ தலைக்கு ஏறிவிடும், சேவூர் முழுக்கச் சாட்சி, அப்புறம் அவன் நல்லவன், ஒரு பெண்ணின் பேர் கெட விடமாட்டான், மறுக்க மாட்டான். இத்தனையும் அவள் மனசில் ஓடியது. எல்லாம் அவளுக்கு வேண்டும். ஆனால் அவன் கேட்டு வந்ததாக இருக்க வேண்டும், கண்ணியில் மாட்டி வந்ததாக இருக்கக் கூடாது.

சாராம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா."

காத்தாயி நீட்டிய தட்டைத் தாழ்த்தினாள்.

"அவரு என்னைக் கேக்கல. சங்கத்துலேர்ந்து கிண்ணத்துல பூ வெக்க வராங்கன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. நீங்க எல்லாம் தப்பாப் புரிஞ்சிகினீங்க. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

தசரதன் எழுந்து போய்த் தறிக்குழியில் காலை விட்டு, நெய்யாமல் உட்கார்ந்துகொண்டார். சாராம்மாளுக்கு ரோசம்மாள் டீச்சர் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேசரி என்ன பாவம் செய்தது என்று அதைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

எல்லோரும் போனபிறகு முனியம்மாள் கேட்டாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ சொன்னப்பவே தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி கேடு?"

"ஆசையா இருந்திச்சிம்மா."

முனியம்மாள் அடிக்கக் கையை ஓங்கினாள். அந்தக் கையாலேயே மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, "அந்த மனுசன் பேரை இழுத்து வுட்டுட்டோம். வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடி நீயே போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுகினு வந்துடு" என்று அனுப்பி வைத்தாள்.

மாடிப்படி ஏறியதுமே செல்லம்மாள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். சேவூர்ச் சேதி இன்னும் இங்கே வந்து சேரவில்லை. "வாம்மா, வா. சரியான நேரத்துக்கு வந்த. நேத்து கண்ணமங்கலம் போயி அவன் மச்சினிச்சி ரங்கம்மாளுக்குப் பூ வெச்சிட்டு வந்தோம். எத்தினி வருசமா மாட்டேன்னுகினு இருந்தான்! வியாழக்கிழமை திடீர்னு வந்து, ஞாயித்துக்கிழமை ஒரு எடத்துக்குப் பூ வெக்கப் போவணும், பூ சொல்லி வையின்னான். எந்த எடம்டான்னா சொல்ல மாட்டேன்னுட்டான். சனிக்கிழமை சாயங்காலம் தொங்கப் போட்ட மூஞ்சோட வந்தான். அந்த எடம் இல்ல, நீ ஆசைப்பட்ட மாதிரி கண்ணமங்கலத்துக்கே போன்னான். சொல்லி வெச்ச பூ இருந்திச்சா, மனசு மாறதுக்குள்ள எடுத்துகினு ஓடிட்டேன். இரு, இனிப்பு கொண்டாறேன்."

அம்மா அன்றைக்குச் சொன்னதைப் பாஞ்சாலை நினைத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை. 'உங்களுக்குச் சம்மதந்தானே.' வேர்த்துப்போன முகம்.

தணிகாசலம் மேஜையில் கட்டத்தாளை விரித்தபடி உட்கார்ந்திருந்தான். அக்கா உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னான். "தெரிஞ்சிதாங்க அந்த வார்த்தையச் சொன்னேன். நேரா கேக்க தைரியம் வரல. உங்க நைனா கோவப்பட்டா, சங்கத்தைத்தான் சொன்னேன்னு நழுவிக்கலாம்னு பாத்தேன். அப்பறம் நீங்களே வராதீங்கன்னீங்க. எல்லாம் தெரிஞ்சிதான் சொல்றீங்கன்னு நெனைச்சிட்டேன்."

பாஞ்சாலை நேற்று நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் பொங்கியது. "கிண்ணத்துல வுடற வெறும் எடத்தை வார்த்தையில வுட்டா எப்டிங்க? நான் ஊரு எதிர்ல வாயத் தொறந்து சொன்னேன். நீங்க என் ஒருத்தி எதிர்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"தப்புதாங்க. இப்பச் சொல்றேன். நீங்க மட்டும் சரின்னா கண்ணமங்கலத்துக்குப் போயி..."

அந்த வாக்கியத்தை முடிக்கவிட வேண்டும் என்று அவள் உடம்பில் ஒவ்வோர் அணுவும் கேட்டது. ஆனால் நேற்று மணையில் உட்கார்ந்திருந்தவள் அவள். இன்னொரு வீட்டில் இன்னொருத்தியும் அதே நேரத்தில் அப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அங்கே யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு தலையில பூ இன்னும் வாடியிருக்காது," என்றாள். "சும்மா இருங்க."

செல்லம்மாள் கொண்டுவந்து கொடுத்த லட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பூ வாங்கியது தனக்காக. அக்காவிடம் சொல்லி வைத்தது தனக்காக. அவன் கேட்டே விட்டான், தன்னைத்தான் கேட்டான், தான்தான் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். சேவூர் போகிற டவுன் பஸ் ஒன்று வந்தது. ஏறாமல் நடந்தாள். அவன் வேண்டும் என்ற ஏக்கம் நேற்றுவரை இருந்ததைவிட இப்போது பன்மடங்காக இருந்தது. கிடைக்காது என்று நினைத்து ஏங்குவது வேறு. கிடைத்திருந்தது என்று தெரிந்து ஏங்குவதை எப்படித் தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முனியம்மாள் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள். "இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரும்மா. வார்த்தைத் தப்பு, அதுக்கின்னா, வுடுங்கன்னாரு. அவருக்குக் கண்ணமங்கலத்துல முடிஞ்சிடுச்சி."

முனியம்மாள் பெருமூச்சு விட்டாள். "போவட்டும். அவரு மனசுல ஒண்ணும் இல்லாத வரைக்கும் நல்லதாப் போச்சி. அவருக்கும் உன் மேல ஆசை இருந்து இப்டி ஆயிருந்தா, நெஞ்சி வெடிச்சிப் பூடும்டி."

"ஆமாம்மா," என்றாள் பாஞ்சாலை. லட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்த் தறியில் உட்கார்ந்தாள். மதியம் சோற்றுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.